கனவில் பற்றவைத்த சிகரெட்

பிள்ளைகளே, அந்தச் சின்ன அறை இனி உங்களுடையது என்று கேள்விப்பட்டேன். எடை குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்களை முதலில் உட்கார வைத்துக் கதைக்கும் அறை. ஜன்னலோரக் கதிரையை நோயாளிக்கே கொடுங்கள். பொய் சொல்ல வருகிறவருக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு துண்டு வானம் வேண்டும். சுவரைப் பார்த்தபடி இருக்கவிட்டால் இன்னும் பெரிய பொய்யாகச் சொல்லிவிட்டுப் போவார்.

நான் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினால் தூக்கமும் வராது, விழிப்பும் இருக்காது. கடல் வெளிச்சம் மூடிய இமைக்குள்ளும் வந்து அசையும். அந்த நேரம் பார்த்து என் பழைய நோயாளிகள் ஒவ்வொருவராக வந்து எதிரே உட்காருவார்கள். யார் வருவது என்று நான் தீர்மானிக்க முடியாது. கீழே ரயில் போகும், ஜன்னல் கண்ணாடி அதிரும், எழுந்து போய்விடுவார்கள். ரயில் போன பிறகும் எழும்பாமல் உட்கார்ந்திருக்கிறவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இரத்தப் பரிசோதனை, சாப்பாட்டு முறை, தூக்கப் பரிசோதனை எல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவும் சொல்லுவார்கள். நான் சொல்ல வந்தது சிகரெட்டைப் பற்றி. வயிற்றைச் சுருக்கித் தைக்கிறோம். புகை ஊறிய உடம்பில் அந்தத் தையல் ஆறப் பிந்தும். ஆறாமல் உள்ளே கசிந்தால் ஆளைக் காப்பாற்றுவது பெரும்பாடு. மயக்க மருந்தில் கிடக்கும்போது நுரையீரலும் சண்டித்தனம் பண்ணும். அதனால் குறைந்தது ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, முன்பே அடியோடு விட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். "குறைச்சிட்டன் மிஸ்" என்ற பேச்சு அந்த அறையில் எடுபடாது.

ஆனால் சிகரெட்டை விட்டவர்கள் கனவு காண்பார்கள் என்பதை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. விட்டுக் கொஞ்ச நாள் போனதும் வந்து கதவைச் சாத்துவார்கள். குரலைத் தாழ்த்துவார்கள். ஏதோ குடும்பத்தைக் குலைக்கும் காரியம் செய்துவிட்ட மாதிரி முகம் இருக்கும். "மிஸ், நேத்து ராத்திரி கனவில ஒண்டு பத்தினன்" என்பார்கள். இங்கே சிகரெட் புகைப்பதற்குச் சொல்லும் சொல் அதுதானே, பத்துவது. வத்தளையிலிருந்து வந்த, வங்கியில் வேலை செய்யும் ஒரு அம்மா, தன் மகளின் கல்யாண வீட்டில் கேஸ் அடுப்பிலிருந்து சிகரெட்டைப் பற்றவைத்ததாகக் கண்டிருந்தார். விருந்தாளிகள் எல்லாரும் கைதட்டினார்களாம். நுகேகொடையிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணி, விழித்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தன் விரல்களை மோந்து பார்த்திருக்கிறார். வாசம் இல்லை என்று தெரிந்த பிறகும் நம்பிக்கை வராமல் மனைவியை எழுப்பி மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷி என்ன சொன்னா என்று நான் கேட்கவில்லை.

இவர்களுக்காக எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. யாராவது கனவைச் சொன்னால் நாங்கள் சிரித்து, "கனவுக்குக் கணக்கில்லை" என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்புவோம். மூளை தன் பழைய சிநேகிதனைத் தேடுகிறது, அவ்வளவுதான் என்போம். நோயாளிகளும் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும்போது ஒருவருக்கொருவர் தங்கள் கனவுகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். நல்ல வழக்கம்தான். நீங்களும் தொடருங்கள். ஆனால் நல்ல வழக்கத்துக்குள்ளும் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம் என்பதை எனக்குக் காட்டியவர் ஜெறோம்.

ஜெறோம் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நல்ல உயரம், அதற்கு மேலே மலை போல உடம்பு. சீனி வருத்தம், முழங்கால் நோவு. கிரேனின் ஏணியில் ஏற முடியாமல் போனதால் கீழே அலுவலகத்தில் ஒரு கதிரையைக் கொடுத்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட மோசம், தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. மூச்சை உள்ளே தள்ளும் முகமூடி மெஷின் ஒன்றைக் கொடுத்திருந்தோம். உயிரோடு புதைத்த மாதிரி இருக்கிறது என்று அதைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே போட்டிருந்தார். அவருடைய மனைவி றீற்றா பக்கத்தில் படுத்துக்கொண்டு, மூச்சு நிற்கும் நேரமெல்லாம் அவரை உலுக்குவா. மெலிந்த, கண் குழி விழுந்த பெண். அந்தக் குடும்பத்தில் யார் நோயாளி என்று முதல் நாள் எனக்கே சந்தேகம் வந்தது.

அந்த முதல் நாள் மூன்று பேராக வந்தார்கள். மகள் மெலனி வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறவள். பேச்சில் துடுக்கு. அப்பா நிற்கும் இடத்திலெல்லாம் அவருடைய கைக்குக் கீழே அவள் தலை இருக்கும். கைத்தடியில் கை வைப்பதுபோல அவர் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். நான் சிகரெட் சட்டத்தைச் சொல்லி முடித்ததும், "விட்டுட்டன் எண்டு வைங்க மிஸ்" என்றார் ஜெறோம்.

றீற்றா அவரை நம்பவில்லை. "இவர் இப்படித்தான் மிஸ், ஒவ்வொரு லெந்து தவக்காலத்திலயும் விடுவார். பாஸ்குத் திருநாளுக்குப் புதுப் பெட்டி வாங்குவார்" என்றா. பிறகு அவருடைய கையைப் பிடித்து, அது ஏற்கெனவே இருந்த இடத்திலேயே அழுத்தினா. "இவள்ட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. இனிப் பத்த மாட்டன் எண்டு."

ஜெறோம் சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். மகளின் தலையில் மெல்ல அடித்தார். "சத்தியமா" என்றார். மெலனி கண்ணை உருட்டினாள். வாசலில் நின்ற சத்திரசிகிச்சை நிபுணர் தமிழ் சரியாகத் தெரியாதவர், என்ன நடந்தது என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். சொன்னதும் மிகவும் திருப்தியாகத் தலையாட்டினார். எங்கள் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. பெற்ற பிள்ளையின் தலையில் அடித்த சத்தியத்துக்கு மேலே ஒரு மருந்து உண்டா?

அதன் பிறகு வந்த ஒவ்வொரு தடவையும் நன்றாகவே இருந்தார். கனவுகளும் கண்டார். கிரேனின் உச்சியில் இருந்து சிகரெட்டைப் பற்றவைக்கப் போவாராம், தீக்குச்சிப் பெட்டிக்குள் சின்ன மீன்கள் இருக்குமாம். இன்னொரு நாள் பற்றவைத்த சிகரெட் கையில் வளர்ந்துகொண்டே போய்க் கப்பலின் புகைபோக்கியாகிவிட்டதாம். வாங்கில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கனவுக்குக் கணக்கில்லத்தானே மிஸ்?" என்று கேட்பார். இல்லை என்போம்.

சத்திரசிகிச்சைக்குக் குறித்த நாள் வந்தது. காலையில் ஒபரேஷன் தியேட்டர் உடுப்போடு கட்டிலில் இருந்தார். ஊதிப் பார்க்கும் மெஷினில் ஊதினார், சுத்தமாகக் காட்டியது. அந்த மெஷினை மிதமாக நம்புங்கள். அது நேற்றைய ஆளைப் பற்றிச் சொல்லும், போன கிழமை ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வெளியே மழை வரப்போகிற மாதிரி மங்கிய வெளிச்சம். வார்டில் எல்லாரும் பாதித் தூக்கத்தில் நடமாடுவது போல எனக்குத் தோன்றியது. நான் அவருடைய கையில் பெயர்ப் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், போன கிழமையும் ஒரு கனவு கண்டன்" என்றார் ஜெறோம்.

"சொல்லுங்கோ. இந்த முறை என்ன, மீனா கப்பலா?"

அவர் சிரிக்கவில்லை. "முகத்துவாரப் பக்கம் சவக்காலை மதில். மழை. என்னோட ஹாபர்ல நிண்ட பெடியன் ஒருத்தன்ட அடக்கம். அவனும் என்னைப் போலத்தான், பெரிய உடம்பு. படுத்தவன் எழும்பல்ல. மதிலுக்குப் பின்னால நிண்டு ஒண்டு பத்தினன். மழையில நனையாம உள்ளங்கைக்குள்ள மறைச்சுப் பிடிச்சுக்கொண்டு. பிறகு இன்னுமொண்டு. பிறகு ரெண்டு கராம்பு சப்பினன். பைப்ல வாய் கொப்பளிச்சன். வீட்ட போய் றீற்றா பாக்க முதல் சேட்டைக் கழட்டித் தண்ணியில போட்டன்."

என் கையில் இருந்த பட்டியைப் பார்த்தார். "கனவுக்குக் கணக்கில்லத்தானே?"

வாய் நிறைய "இல்லை" என்று சொல்ல வந்தேன். பழகிய நாக்கு அது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. அத்தனை வருடமாக எத்தனையோ பேரின் சிகரெட் கனவுகளைக் கேட்டிருக்கிறேன். யாரும் கனவில் வாய் கொப்பளித்ததாகச் சொன்னதில்லை. கனவில் யாரும் போட்ட சட்டையைத் தண்ணீரில் ஊறப்போடுவதில்லை. கனவில் சிகரெட் வளரும், மீனாகும், கல்யாண வீட்டில் எல்லாரும் கைதட்டுவார்கள். வாசத்தை மறைக்க வேண்டியது விழித்திருக்கிறவனுக்குத்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் மனதில் பட்டது. அன்று காலை மெலனி கட்டிலுக்குக் கிட்டப் போனபோது அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவள் தலை வழக்கமான இடத்துக்கு வந்தது, கை வரவில்லை. சத்திரசிகிச்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கொஞ்சம் நில்லுங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "மெய்யாகவா பத்தினீங்கள்?" என்று நேராகக் கேட்டிருப்பீர்கள். அவர் இல்லை என்றுதான் சொல்லுவார். ஓம் என்று சொன்னால் மகளின் தலையில் அடித்த சத்தியம் உடைந்ததென்று அவர் வாயாலேயே சொன்னதாகிவிடும். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அவர் தன்னைத்தான் கொலைகாரனென்று நினைப்பார். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொய்யைச் சொல்லிவிட்டு மேசையில் படுத்துத் தான் செத்தாலும் பரவாயில்லை என்ற முடிவோடுதான் அந்த மனுஷன் அங்கே இருந்தார். ஆனாலும் முழுப் பொய்யோடு போக மனம் வரவில்லை. எங்கள் வழக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு திறந்திருப்பதைக் கண்டு, அதன் வழியாக உண்மையைக் கனவென்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டுப் போகப் பார்த்தார்.

தியேட்டரிலிருந்து கூப்பிட்டார்கள். நான் தள்ளுகட்டிலை அனுப்பாமல் நேரே நிபுணரிடம் போனேன். கை கழுவப் போய்க்கொண்டிருந்தார்.

"சேர், இவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். மற்றவரை முதலில் எடுங்கள்" என்றேன் சிங்களத்தில்.

"ஏன், இரத்த அழுத்தமா?"

"இல்லை சேர். ஒரு கனவு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது, பாவம் என்ற பார்வை. "கனவுக்காக நான் தியேட்டரை நிறுத்தி வைக்க வேண்டுமா சிஸ்டர்?" என்றார். என்னிடம் காட்டுவதற்கு ஒரு இலக்கமும் இல்லை, ஒரு பரிசோதனையும் இல்லை. காதில் கேட்டது மட்டும்தான் இருந்தது. என் கணிப்புப் பிழையென்று தெரிந்தால் ஆஸ்பத்திரி முழுக்க இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். "ஓம் சேர், கனவுக்காகத்தான்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, ஒரு குடலிறக்கக்காரரை முதலில் கொண்டுவரச் சொன்னார்.

மெலனியைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். றீற்றா கீழே கன்ரீனுக்குப் போயிருந்தா. அப்பா சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அது அவர் என்னை நம்பிச் சொன்னது. "பிள்ளை, அப்பா உம்மட தலையில ஒரு சத்தியம் பண்ணினவர் எல்லே. அதை நீர் அவரிட்ட இருந்து திருப்பி எடுக்கோணும். ஏன் எண்டு கேக்க வேண்டாம்" என்றேன்.

அவள் துடுக்காக ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

"அப்பா, கையைத் தாங்க."

அவர் தரவில்லை. போர்வைக்குள் கையை இன்னும் உள்ளே இழுத்தார். அவள் போர்வையை விலக்கி இரண்டு கையாலும் அந்தப் பெரிய கையைப் பிடித்தாள். "இது ஆருட தலை அப்பா? என்டதானே? அண்டைக்கு அம்மா என்னைக் கேக்காமத்தான் இதில சத்தியம் வாங்கினவ. நானும் சும்மா நிண்டனான். இப்ப நான் அதை எடுத்துப்போட்டன். இனி இதில ஒண்டும் இல்ல. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் எனக்கு ஒண்டும் வராது."

அவர் கையை உருவப் பார்த்தார். அவள் விடாமல் அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவருடைய விரல்கள் மெல்ல அவளுடைய தலைமயிருக்குள் போயின. அத்தனை பெரிய மனுஷன் சத்தம் போட்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

"கனவில்ல மிஸ்" என்றார். "மெய்யாத்தான் பத்தினன். ரெண்டு. அவன் பெட்டிக்குள்ள கிடக்கிறதப் பாத்ததும் நான் கிடக்கிற மாதிரியே இருந்திச்சு. சொன்னா ஒபரேஷனைத் தள்ளிப் போடுவீங்க. தள்ளிப் போட்டா அதுக்கு முதல் நானும் படுத்தபடி எழும்ப மாட்டன். அதான் சொல்லல்ல."

அன்று அவருக்குச் சத்திரசிகிச்சை நடக்கவில்லை. நிபுணர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. ஜெறோமின் தோளில் கை வைத்து, "இதைச் சொன்னது நல்லது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். வெளியே வந்து, "சிஸ்டர், வேறு யாராவது கனவு கண்டிருக்கிறார்களா?" என்று என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு பல நாள் காலையில் என்னை அப்படித்தான் கேட்டார். பகிடிதான், ஆனால் பதிலுக்கு நின்று காத்திருப்பார்.

கோபப்பட்டது றீற்றாதான். கன்ரீனிலிருந்து பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வந்தவ, நடந்ததைக் கேட்டதும் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி தேநீர் வெளியே கொட்டியது. "நீங்க ஆர் மிஸ் என்ட பிள்ளைட தலையில இருந்த சத்தியத்தை எடுக்கச் சொல்ல? இவரைப் பிடிச்சு வைக்க என்னட்ட இருந்தது அது ஒண்டுதான். இனி இவர் ராத்திரியில மூச்சு நிண்டு கிடந்தா நீங்களா வந்து எழுப்புவீங்க?"

அவ கேட்டது நியாயம். புகைத்த உடம்போடு மேசையில் ஏற்றினால் ஒரு ஆபத்து, தள்ளிப்போட்டு வீட்டுக்கு அனுப்பினால் இன்னொரு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நாங்கள் முடிவெடுக்கிறோம். எந்த முடிவையும் எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

இரண்டு காரியம் மட்டும் ஜெறோமிடம் கேட்டேன். சத்தியம் வேண்டாம், அந்தோனியாருக்கு நேர்த்திக்கடனும் வேண்டாம். கட்டிலுக்குக் கீழே கிடக்கும் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு படுங்கள், சிகரெட் கையில் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். "வந்தாலா, பத்தினாலா?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன். றீற்றா என் முகத்தைப் பார்க்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போனா.

அந்தக் கிழமைகளை என்னால் சரியாக ஞாபகப்படுத்த முடியவில்லை. எல்லாம் ஒரே மங்கலாக இருக்கிறது. வேலை முடிந்து வந்து கடற்கரையில் ரயில் பாதைக்கு அப்பால் உள்ள கல்லில் உட்காருவேன். அலை வந்து பின்வாங்கும். பின்வாங்கிய பிறகு அடுத்தது வரக் கொஞ்சம் பிந்தினால் எண்ணத் தொடங்கிவிடுவேன். எங்கோ கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் அந்த மனுஷன் மூச்சை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்காமல் கிடப்பது போலவே இருக்கும். போன் அடித்தால் முதலில் பெயரைப் பார்ப்பேன். சத்தியத்தை எடுக்கச் சொன்னது நான்தானே. அவர் இறந்துபோனால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் தன் தலையைப் பற்றி என்ன நினைக்கும் என்று யோசிப்பேன். பயந்தேன் பிள்ளைகளே. உண்மையாகவே பயந்தேன்.

ஒரு பின்னேரம் அவர் பெயர் போனில் விழுந்தது.

"மிஸ், கையில இருக்கு. இன்னும் பத்தல்ல."

"எங்க நிக்கிறீங்கள்?"

"ஹாபர் கேட்டுக்குப் பக்கத்தில. மழை."

"சரி, கதையுங்கோ."

"என்ன கதைக்கிற?"

"கிரேனைப் பற்றிக் கதையுங்கோ. எனக்கு அதில ஏற ஆசை."

அவர் கதைத்தார். விடிகிற நேரம் மேலே இருந்து பார்த்தால் கப்பல்கள் எல்லாம் நித்திரை கொள்கிற மாதிரித் தெரியுமாம். சரக்குப் பெட்டியைத் தூக்கும்போது சத்தம் கேட்காதாம், கீழே இருக்கிறவர்களுக்குத்தான் கேட்குமாம். மேலே காற்று மட்டும்தானாம். பனி மூடிய ஒரு காலையில் கீழே தரையே தெரியாமல் போய்விட, தான் ஒரு மேகத்தைத் தூக்கி இன்னொரு மேகத்தின் மேல் வைத்ததாகச் சொன்னார். நான் அடுப்பில் வைத்த சோற்றையும் மறந்து கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினார். "நனைஞ்சு போச்சு மிஸ்" என்றார். "எறிஞ்சிட்டன்." நான் மெச்சவில்லை. மெச்சினால் அடுத்த தடவை தோற்கும்போது கூப்பிட மாட்டார். சோறு அடிப்பிடித்துவிட்டது, அதுதான் அன்றைய நட்டம்.

அவர் கூப்பிடத் தொடங்கிய பிறகு அந்த அறையில் நாங்கள் கேட்கும் கேள்வியையும் மாற்றினேன். "விட்டுட்டீங்களா?" என்று கேட்பதை நிறுத்தினோம். அந்தக் கேள்விக்கு ஓம் என்ற ஒரு பதில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக "எப்படி?" என்று மட்டும் கேட்டோம். யாரையும் அங்கே சத்தியம் பண்ண விடவும் இல்லை. வீட்டுக்காரர்கள் பிள்ளையின் தலை, தாலி, சாமிப்படம் என்று எதையாவது நீட்டினால் எங்கள் ஆட்கள் மெல்லக் கதையை மாற்றிவிடுவார்கள். சத்தியம் மனுஷனின் கையைக் கட்டும் என்று நினைக்கிறோம். முதலில் வாயைத்தான் கட்டுகிறது. எங்கள் தொழிலுக்கு வாய் திறந்திருக்க வேண்டும். இதை நீங்களும் கடைப்பிடித்தால் எனக்குச் சந்தோஷம்.

ஜெறோமுக்கு இரண்டாவது நாள் குறித்தார்கள். சத்திரசிகிச்சை எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. உடம்பு இறங்கி, இப்போது தன் கிரேனில் தானே ஏறுகிறார். அதில் சொல்ல அதிகம் இல்லை, மேசையில் நடந்ததெல்லாம் நிபுணரின் கெட்டித்தனம். எனக்கு அதற்குச் சற்று முன் நடந்ததுதான் ஞாபகம். மத்தியானத்தில் அவர் வந்து எதிரே உட்காரும்போதெல்லாம் அந்த நேரத்தைத்தான் கொண்டு வருகிறார்.

தியேட்டர் வாசலில் தள்ளுகட்டில் நின்றது. நிபுணரும் மயக்க மருந்து டொக்டரும் காத்திருந்தார்கள். றீற்றா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. இத்தனை கிழமையாக என்னோடு கதைக்கவில்லை. நான் குனிந்து கேட்டேன்.

"சொல்லுங்கோ ஜெறோம். எப்படி?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

"அண்டைக்குப் பிறகு ஒண்டும் இல்ல மிஸ். நேத்து சரியான ஆசை வந்திச்சு, பத்தல்ல. இண்டைக்கும் ஆசைதான்." பிறகு மனைவி பக்கம் கண்ணைத் திருப்பினார். "நாளைக்கு எப்படி எண்டு எனக்குத் தெரியாது."

எத்தனையோ பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு பதிலை யாரும் தந்ததில்லை. றீற்றாவுக்கு அது பிடிக்காது, இப்போது என்னவாவது சொல்லி ஒரு வாக்குக் கேட்பா என்று நினைத்து நான் அவவைத் தடுக்கத் திரும்பினேன்.

அவ குனிந்து அவருடைய நெற்றியில் தன் கன்னத்தை வைத்தா.

"நாளைக்கு நீங்க இருந்தாப் போதும்" என்றா.